இழை விழாத சொல்

வெள்ளோடைப்பாளையத்தில் பேசுகிறவர்களின் வாயோரத்திலிருந்து நூல் வர ஆரம்பித்ததை முதல் சில நாட்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடிந்தால் தறிச் சத்தத்தில் விழித்து, பொழுது சாய்ந்தால் பஞ்சு படிந்த தலையோடு வீடு திரும்பி, சோற்றிலும் தண்ணீரிலும் தூங்குகிற குழந்தையின் இமையிலும் நூல் துணுக்கைப் பார்த்துப் பழகிய ஊர் அது என்பதால், உதட்டில் ஒட்டிய இழையைப் புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். பிறகு ஒருநாள் காலையில் பால் ஊற்றும் அம்மிணியம்மா தன் எருமையைப் பற்றி, "அது எருமை இல்லீங்க, என்ற குலதெய்வம்" என்று சொன்னபோது, அவள் உதட்டோரத்திலிருந்து குங்குமச் சிவப்பில் ஓர் இழை புறப்பட்டு, முந்தானை வழியாக இறங்கி, பால் கேனின் மூடிமேல் சுருண்டு விழுந்ததை வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"நூலு வருது பாருங்க்கா" என்றாள் ஒருத்தி.

"வந்தா வரட்டும், பாலைப் புடி" என்றாள் அம்மிணியம்மா.

சாயத் தண்ணீர் ஆழ்குழாய்க் கிணற்றில் கலந்ததுதான் காரணம் என்று சிலரும், அம்மனுக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுப்பதில் ஏதோ குறை வைத்ததுதான் காரணம் என்று சிலரும் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வரிசையாக எல்லார் தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, சுத்தமாகத்தான் இருக்கிறது என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். வலி கிடையாது, இருமல் கிடையாது, விழுந்த நூலும் மறுநாள் வெயில் பட்டதும் பஞ்சாகிப் பறந்துவிடும் என்று தெரிந்தபின் ஏன் வருகிறது என்ற கேள்வியை ஊர் விட்டுவிட்டது. எப்போது வருகிறது என்பதுதான் பேச்சாயிற்று; ஏனென்றால் ஒருவர் காலையிலிருந்து மாலைவரை பேசினாலும் ஒரு பொட்டு இழை வராது, இன்னொருவர் வாயைத் திறந்தாலே மடி நிறைந்துவிடும்.

அதைக் கண்டுபிடித்தது மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை சுலோச்சனா. ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, "என் வீட்டுக்காரி சமையலைப் பற்றிச் சொல்லணுமா?" என்று கேட்டபோது நீல இழை வந்தது, "எடைக்கல்லு மாதிரி இட்லி" என்றபோது மஞ்சள் வந்தது, "இதைத் தின்றவன் நூறு வருஷம் பசிக்காமல் இருப்பான்" என்றபோது பச்சை வந்தது, "அவளுக்குச் சமையல் ராணின்னு பட்டமே கொடுக்கலாம்" என்றபோது கரியைப் போலக் கறுத்த இழை ஒன்று டப்பாவுக்குள்ளேயே விழுந்தது. சுலோச்சனா கையிலிருந்த டீ கிளாஸை மேஜைமேல் வைத்தாள். உவமைக்கு மஞ்சள். உருவகத்துக்குச் சிவப்பு. உயர்வு நவிற்சிக்குப் பச்சை. பதில் வேண்டாத கேள்விக்கு நீலம். புகழ்வதுபோல் இகழ்வதற்குக் கறுப்பு. வெறுமனே பசிக்கிறது, பஸ் வந்தது, மழை இல்லை என்று சொன்னால் எதுவும் வருவதில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல்லுக்கும் வருவதில்லை.

அதுவரை அணியிலக்கணம் என்பது பரீட்சையில் இரண்டு மதிப்பெண். பிள்ளைகள் அதையும் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். இப்போதோ தறிக்காரரும் தையல்காரரும் நடுவீதியில் அவளை நிறுத்தி, உள்ளங்கையில் இழையை வைத்துக் காட்டி, "ஏனுங்க டீச்சர், இது என்னங்க?" என்று கேட்டார்கள். அவள் பெயர் சொன்னதும் பரிசு வாங்கியவர்களைப் போலப் போனார்கள். காய்கறிச் சந்தையில் பெண்கள், "உன்றது உருவகம் அக்கா, என்றது வெறும் உவமைதான்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டு சுலோச்சனா தனியாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போன நாட்களும் உண்டு. தாய்மார்கள் "கண்ணு" என்றும் "தங்கம்" என்றும் கூப்பிட்ட வீடுகளில் மட்டும், ஊரெல்லாம் தேய்த்த அந்தச் சொற்களுக்குக்கூட, புதிதாகப் பிள்ளை பெற்றவள் வாயில் மெல்லிய சிவப்பு வந்தது.

ஆனால் அந்த ஊர்ப் பேச்சில், பொய் சொல்கிறவனைச் 'சரடு விடறான்' என்று சொல்லும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. யாரும் திட்டமிடாமல், அந்த வழக்கம் மெதுவாக எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர் "பொண்ணு பட்டு நூல்ல செஞ்ச மகாலட்சுமியாட்டம்" என்று சொன்னதும் மஞ்சள் இழை வந்தது, மாப்பிள்ளை வீட்டார் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்த பேச்சாளர் ஒருவர் மேடையில் சிவப்பும் பச்சையுமாகத் தன்னையே சுற்றிக்கொண்டார், கடைசியில் கத்தரிக்கோலோடு வந்தவர்கள் நூலை வெட்டித்தான் அவரைக் கீழே இறக்கினார்கள். ஊர் சிரித்தது, நியாயமாகவும் சிரித்தது. பிறகு புருஷன் பெண்டாட்டிச் சண்டையில், பங்காளித் தகராறில், "நூல் இல்லாமச் சொல்லு" என்பது முதல் வார்த்தையாயிற்று. நூல் விழுந்தால் பொய், விழாவிட்டால் உண்மை. அணி என்றால் பொய் என்று சுலோச்சனா யாரிடமும் சொன்னதில்லை. அப்படி இல்லை என்றும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்கள் பெயரைத்தான் கேட்டார்கள், அவள் பெயரைத்தான் சொன்னாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஆனி மாதத்தில் ஆற்றோரச் சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் நாச்சிமுத்து செத்துப்போனான்.

பட்டறை சென்னியப்பனுடையது. சுலோச்சனா வேலை செய்த பள்ளியின் தாளாளரும் அவர்தான். பட்டறையை நடத்தியவர் மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி. நாச்சிமுத்து அங்கே சாயம் கலக்குகிறவன். தொட்டி கழுவுவது அவன் வேலை இல்லை. அன்று காலை அடைத்துக்கொண்ட தொட்டிக்குள் அவன் போனான், உள்ளே இருந்த விஷவாயு அவனைத் திரும்பி வர விடவில்லை. அவனுடைய மனைவி ருக்குமணி தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். செய்தி சொல்ல வந்தவன் தறிச் சத்தத்தில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

விசாரணைக்குக் கோட்டாட்சியர் வந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள மனிதர், கெட்டவர் இல்லை. அந்த ஊரின் நூலைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்ததால் கல்யாண மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் விசாரிப்பதாகச் சொல்லி, தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு சுலோச்சனாவை உட்கார வைத்தார். முன்வரிசையில் சென்னியப்பன் வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றாமல் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காலையில் தொட்டி அடைத்துக்கொண்டது. நாச்சிமுத்து தொட்டியில் இறங்கினார். முகமூடி கம்பெனியில் இருக்கிறது. அவர் அணியவில்லை. மயங்கி விழுந்தார். தூக்கினோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் இல்லை."

ஓர் இழைகூட வரவில்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெயிலில் காய்ந்த சுவர் மாதிரி வெறுமையாக இருந்தது. "சுத்தமாச் சொல்றாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

பிறகு ருக்குமணியைக் கூப்பிட்டார்கள்.

"தொட்டி வேலை அவரு வேலையில்லீங்க" என்று ஆரம்பித்தாள். "சாயம் கலக்கறதுதானுங்க அவரு வேலை. அன்னிக்குக் காத்தால போன் வந்துச்சு. இறங்கலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதேங்கறாங்கன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க போனாரு." அதுவரை அவள் வாயிலிருந்தும் எதுவும் வரவில்லை. ஆனால் வராததை யாரும் கவனிக்கவில்லை. வருமா என்றுதான் காத்திருந்தார்கள். அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

"அந்தத் தொட்டி வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க. என்ற சாமியை முழுங்கிப்போட்டுச்சு. வேகவெச்ச கிழங்காட்டம் கொண்டாந்து போட்டாங்க. நான் அழுதா இந்த ஆறு நெறைஞ்சு ஊருக்குள்ள வந்துரும். கேக்கறதுக்கு ஒரு நாதி இல்லையாங்க இங்க?"

சிவப்பு வந்தது, மறுபடியும் சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, பச்சை வந்தது, நீலம் வந்தது. அவள் புடவைக் கொசுவத்தில் இறங்கி, காலடியில் குவிந்து, நகர்ந்து நகர்ந்து அதிகாரியின் மேஜைக்கால் வரைக்கும் போயிற்று.

கோட்டாட்சியர் குனிந்து பேனா முனையால் ஒன்றைத் தூக்கினார். "இது?"

"உருவகம்" என்றாள் சுலோச்சனா.

"இது?"

"உவமை."

"பச்சை?"

"உயர்வு நவிற்சி."

"அதாவது, இல்லாததை மிகைப்படுத்திச் சொல்வது."

"உள்ளதை மிகைப்படுத்தி... ஆமாங்க ஐயா. ஆனால்..."

அந்த 'ஆனால்' என்ற இடத்தில் சென்னியப்பன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்குச் சால்வை போடும்போது பார்ப்பாரே, அப்படித்தான் பார்த்தார்.

"ஆனால்?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்லைங்க ஐயா."

ருக்குமணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, காலடியில் கிடந்த நூலையெல்லாம் இரண்டு கையாலும் வாரி மடியில் கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே மண்டபத்தை விட்டு வெளியேறினாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. நாச்சிமுத்து முகமூடி அணியாமல் தொட்டியில் இறங்கினார், தம் கவனக்குறைவால் உயிரிழந்தார் என்று அதில் இருந்தது.

அதற்குப் பிறகு ஊரின் பேச்சே மாறிப்போயிற்று. விசாரணை மண்டபத்தில் ஒரு பெண் தன் வாயாலேயே தோற்றதைப் பார்த்தவர்கள் தங்கள் வாய்க்குப் பயப்பட ஆரம்பித்தார்கள். செத்த வீடுகளில் ஒப்பாரி நின்றது. கிழக்கு வீதியில் ஒரு பெரிய மனுஷி இறந்தபோது, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினார்களே தவிர ஒரு சொல் சொல்லவில்லை, பிணம் ஏதோ வீட்டுச் சாமான் மாதிரி சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போகப்பட்டது. பிள்ளைகளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். காதலிக்கிற பெண்ணிடம் ஒருவன், "உன்னைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்குச் சம்மதம்" என்று மனு எழுதுவதுபோலச் சொன்னான், அவளும் "சரி" என்றாள், இருவருக்கும் ஏனோ வருத்தமாக இருந்தது. வீதிகள் கூட்டாமலேயே சுத்தமாகக் கிடந்தன. நூல் இல்லாமல் பேசக் கற்றுக்கொள்ள ஆட்கள் ஈஸ்வரமூர்த்தியைத் தேடிப் போனார்கள். முதலில் போனவர்கள் எல்லோருமே மறைக்க ஏதாவது வைத்திருந்தவர்கள். எண்ணெயில் கலப்படம் செய்தவர் "எண்ணெய் நல்லது" என்றார், இழை வரவில்லை, எல்லோரும் வாங்கினார்கள்.

சுலோச்சனா சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், வந்தாள். தான் சொன்ன பதில் ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. பரீட்சைத் தாளாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள். அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

ஆவணியில் ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தினாள். தானே செய்தால் தன்வினை, பிறரைச் செய்ய வைத்தால் பிறவினை என்று பலகையில் எழுதிவிட்டு, உதாரணம் சொல்லச் சொன்னாள். பிள்ளைகள் ராகம் போட்டுச் சேர்ந்து சொன்னார்கள்: திருந்தினான், திருத்தினான், அடங்கினான், அடக்கினான், உருண்டான், உருட்டினான், இறங்கினான், இறக்கினான்.

சுலோச்சனாவின் கையில் சுண்ணாம்புக்கட்டி நின்றுவிட்டது.

"கடைசியாச் சொன்னதை மறுபடி சொல்லுங்க" என்றாள்.

"இறங்கினான், இறக்கினான்."

ஒரு எழுத்து. 'ங்' இருந்த இடத்தில் 'க்'. அவள் வகுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது வாய்கள் சேர்ந்து சொல்லியும் எந்த வாயிலிருந்தும் நூல் வரவில்லை. எப்படி வரும்? இதில் அணி எதுவும் இல்லை. மண்டபத்தில் நாச்சிமுத்து மேல் பழியைத் தூக்கி வைத்தது இந்த ஒரு எழுத்துதான், அது எந்த நிறமும் காட்டாமல் எல்லார் கண் முன்னாலும் நடந்துபோயிருக்கிறது.

அன்று பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராக ருக்குமணி வீட்டுக்குப் போனாள். ருக்குமணி வாசலில் உட்கார்ந்து, தறி நாடாவில் போடும் தார்க்குச்சிகளில் மிஞ்சிய நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விசாரணைக்குப் பிறகு அவள் யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்று ஊரில் சொன்னார்கள். "வாங்க" என்றாள், ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

"ருக்குமணி, அன்னிக்கு நான்..."

"நீங்க சொன்னதெல்லாம் சரிதானுங்க டீச்சர்." குனிந்தபடியே சொன்னாள். "நான் பொய் சொல்றேன்னு நீங்க சொல்லலை. இல்லைன்னும் சொல்லலை."

வீதியில் ஒரு டெம்போ நூல் மூட்டைகளோடு போயிற்று. அது போன பிறகு சுலோச்சனா கேட்டாள்: "அன்னிக்குத் தொட்டிக்கு மேலே கயிறு பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

"பொங்கியண்ணன். அவரும் இவரும் ஒண்ணாத்தான் வேலைக்குச் சேர்ந்தாங்க."

"அவரை ஏன் யாரும் விசாரிக்கலை?"

"அவருக்குப் பதட்டமானா வாயெல்லாம் நூலாக் கொட்டுமுங்க. ஆரு நம்புவாங்கன்னு கூப்புடவே இல்லை. அவரும் வரலை. அதுக்கப்புறம் இந்த வீதிப் பக்கமே வர்றதில்லீங்க."

"நான் ஊர்க்கூட்டத்துல பேசப்போறேன்."

ருக்குமணி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "பள்ளிக்கூடம் பட்டறை மொதலாளியோடதுங்களே?"

"ஆமாம்" என்றாள் சுலோச்சனா. பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

புரட்டாசிப் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டுவதற்காக அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்த பகல்பொழுதில், வரி, தேர், மேளம் எல்லாம் பேசி முடிந்தபின், சுலோச்சனா எழுந்து மைக் கேட்டாள். டீச்சர் ஆயிற்றே என்று கொடுத்துவிட்டார்கள். சென்னியப்பன் இருந்தார், ஈஸ்வரமூர்த்தியும் இருந்தார்.

"நேத்து சாயங்காலம் இந்தக் கோயில் வாசல்ல கனத்த மழை பெய்தது" என்றாள் சுலோச்சனா.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் ஒரு சொட்டு விழாத புழுதி. யாரோ சிரித்தார்கள்.

"எனக்கு நூல் வந்ததா?"

சிரிப்பு நின்றது. அவள் உதட்டில் எதுவும் இல்லை.

"இந்த வருஷ வெயில் நம்மளை வாணலியில போட்டு வறுத்து எடுத்துருச்சு." சொல்லும்போதே செக்கச்செவேல் என்று ஓர் இழை புறப்பட்டு மைக்கின் மேல் சுற்றி விழுந்தது. "இப்போ வந்திருக்கு. இது பொய்யா? உங்கள்ல யாருக்காவது முதுகு காயலையா?"

அந்தக் கேள்விக்கு ஒரு நீலமும் வந்தது. அதையும் அவள் தடுக்கவில்லை. "நூலுக்குப் பேர் சொல்லத்தான் எனக்குத் தெரியும். உண்மைக்கும் பொய்க்கும் அது பேர் இல்லை. வலிக்கிறவங்களுக்கு இருக்கிற சொல்லு போதாது, அதனால இன்னொண்ணைத் துணைக்குக் கூப்பிடுவாங்க. அதைத்தான் நாம பொய்யின்னு சொல்லிட்டோம். அன்னிக்கு மண்டபத்துல மேனேஜர் 'இறங்கினார்'னு சொன்னாரு. நாம எல்லாரும் அவர் உதட்டைப் பார்த்தோம். இறங்கினாரா, இறக்கினாங்களான்னு ஒருத்தரும் கேட்கலை. பக்கத்துலயே உக்காந்திருந்த நானும் கேட்கலை."

"டீச்சர், கோயில் விஷயம் பேசற எடம் இது" என்றார் சென்னியப்பன், உட்கார்ந்தபடியே.

"இறங்குனாரு, அவ்வளவுதான்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. இழை வரவில்லை. ஆனால் இந்தத் தடவை யாரும் அவர் உதட்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள். அவர் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் முகத்தை அப்படி யாரும் பார்த்ததில்லை, அவருக்கு அது பிடிக்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து, வேப்பமரத்தின் பின்னாலிருந்து, ஒரு ஆள் வந்தான். பொங்கியண்ணன்.

"நாந்தானுங்க கயிறு புடிச்சேன்" என்றான். "அவன் மாட்டேன்னான். மாஸ்க் கேட்டான். ரூம்பு பூட்டியிருக்குது, சாவி டவுனுக்குப் போயிருக்குதுன்னாரு மேனேஜரு. அஞ்சு நிமிஷ வேலை, எறங்குடா, இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னாரு. என்னையக் கயித்தைக் கட்டச் சொன்னாரு. நான் கட்டினனுங்க. இந்தக் கையிதானுங்க கட்டுச்சு. இந்தக் கையி ரெண்டும் பாம்புங்க. அவன் கனம் இன்னும் இதுல தொங்குதுங்க, சோத்துல கை வெச்சாக் கயிறாட்டம் இழுக்குது, தூக்கறனுங்க, தூக்கறனுங்க, வரமாட்டேங்கறான்..."

சிவப்பும் மஞ்சளுமாக அவன் மார்பெல்லாம் நூல். அவன் அதைத் துடைக்கப் பார்த்தான், துடைக்கத் துடைக்க வந்தது. யாரும் அவனைச் 'சரடு விடறான்' என்று சொல்லவில்லை. பால்கார அம்மிணியம்மா எழுந்து போய், அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சாவி எங்க இருந்துச்சு?" என்று யாரோ ஈஸ்வரமூர்த்தியைக் கேட்டார்கள். இன்னொருவர் கேட்டார். பிறகு பெண்கள் கேட்டார்கள். அவர் "முகமூடி கம்பெனியில் இருக்கிறது" என்றார். "அதைக் கேக்கலீங்க, சாவி" என்றார்கள். அவர் எழுந்து காரை நோக்கி நடந்தார்.

மறுநாள் பள்ளியில் சுலோச்சனாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மேல்வகுப்புகள் எல்லாம் அவளிடமிருந்து பிடுங்கப்பட்டு, ஆறாம் வகுப்பு மட்டும் மிஞ்சியது. அவள் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, விடுப்புப் போட்டு, ருக்குமணியையும் பொங்கியண்ணனையும் கூட்டிக்கொண்டு டவுனில் இருந்த கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். முதல் தடவை பார்க்க முடியவில்லை. அடுத்த தடவை ஐயா கூட்டத்தில் இருந்தார். பிறகு ஒருநாள் பார்த்தார்கள்.

"முடிந்துபோன விஷயம்" என்றார் அவர்.

"ஐயா, என்னைப் பக்கத்துல உட்கார வெச்சு நூலுக்குப் பேர் கேட்டீங்க. நான் சொன்னேன். நீங்க கேட்கவேண்டியது வேற இருந்துச்சு, நான் சொல்லவேண்டியதும் வேற இருந்துச்சு. இப்போ நூலைப் பார்க்க வேண்டாம். அந்த ரூமைத் திறந்து பாருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ருக்குமணி அவர் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் வந்தார். யாருக்கும் சொல்லாமல் வந்தார். பட்டறையில் அந்த அறையைத் திறக்கச் சொன்னபோது சாவி கிடைக்கவில்லை. பூட்டை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே அலமாரியில் முகமூடிகள் இருந்தன, மேனேஜர் சொன்னது பொய்யில்லை. வாங்கி வந்த நாளில் சுற்றிய பிளாஸ்டிக் உறை ஒன்றில்கூடப் பிரிக்கப்படவில்லை. மேலே சாயத்தூசு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அதிகாரி விரலால் அதில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, அந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்தார், சாயம் போகவில்லை.

வழக்குப் பதிவாயிற்று. ஈஸ்வரமூர்த்தி சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. சென்னியப்பன் பட்டறையை வேறு பெயரில் நடத்துகிறார். ஆற்றில் நுரை குறையவில்லை. ஊரில் பாதிப்பேர் டீச்சர் பக்கம், பாதிப்பேர் பட்டறைப் பக்கம். வேலை கொடுக்கிறவரை விரோதித்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நூல் நிற்கவில்லை. ஆனால் அது விழும்போது யாரும் உடனே கை நீட்டிக் காட்டுவதில்லை, கொஞ்சம் பொறுத்து அடுத்த வார்த்தையையும் கேட்கிறார்கள், நூல் விழாதபோதும் சில பேர் "சரி, ஆரு செஞ்சது?" என்று கேட்கிறார்கள்.

திருத்திய விசாரணை முடிவை வாங்கிக்கொள்ளச் சொல்லி மார்கழியில் ருக்குமணிக்கு ஆள் வந்தது. அவள் சுலோச்சனாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வராந்தாவில் நின்றபடியே சுலோச்சனா அதைப் படித்தாள். அணி எதுவும் இல்லாத, வறண்ட, அலுவலகத் தமிழ். "மேற்படி நாச்சிமுத்து என்பவரைப் பாதுகாப்புச் சாதனம் வழங்காமல், நிர்வாகத்தினர் தொட்டியில் இறக்கினர்."

"மறுக்காப் படிங்க" என்றாள் ருக்குமணி.

படித்தாள்.

"இறங்குனாருன்னு எங்கயும் இல்லீங்களே?"

"இல்லை. 'இறக்கினர்'னுதான் இருக்கு."

ருக்குமணி அந்தத் தாளை வாங்கி, எந்த இடம் என்று கேட்டு, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. பாதி தூரத்தில் அவள் பேசினாள்.

"டீச்சர், நானு அவரு போட்டோவைச் சொவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிருக்கறனுங்க."

சுலோச்சனா திரும்பிப் பார்த்தாள்.

"விசாரணை முடிஞ்ச அன்னிக்குத் திருப்புனதுங்க. அவரா இறங்குனாருன்னு ஊரே சொல்லுச்சு. எனக்குத் தெரியும் அது பொய்யின்னு. தெரிஞ்சும், எல்லாரும் ஒண்ணாச் சொல்லச் சொல்ல, என்னைய உட்டுப்போட்டு ஏன் இறங்குனே, ஒரு நிமிஷம் என்னைய நெனைச்சியான்னு அவர்கூட எனக்குச் சண்டை வந்துருச்சுங்க. வெளக்கு வெக்கலை. ஒரு வார்த்தை பேசலை. இத்தனை நாளா அவரு சொவத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கறாருங்க."

அவள் உதட்டில் நூல் வந்ததா என்று சுலோச்சனா பார்க்கவில்லை. அவள் கையின் மேல் தன் கையை வைத்தாள். ருக்குமணி சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"இந்த பஸ்ஸு ஏனுங்க இத்தனை மெதுவாப் போகுது?" என்றாள். "கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க டீச்சர்."

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் வருவதற்கு வெகுமுன்பே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.